வரிசையில் நின்ற ஓரகத்தி

அந்தச் சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செவ்வாய்க்கிழமைகளில் நடக்கும். சிறிய பிரஷ்ஷால் மாதிரி எடுத்து, குப்பியில் போட்டு மூடி, பெயர் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது. வருகிறவர்கள்தான் ஐந்து வருடம் யோசித்துவிட்டு வருவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கமான நர்ஸ் லீவு. பதிலுக்கு, அங்கேயே மற்ற நாட்களில் வேலை பார்க்கும் நர்ஸான இவள் வந்திருந்தாள். அடுத்த ஆளைக் கூப்பிடத் திரையை விலக்கியபோது, பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்களின் வரிசையில் நான்காவதாக, அதே கம்பெனிக்குப் போகும் தன் ஓரகத்தி நிற்பதைப் பார்த்தாள். கணவனுடைய அண்ணனின் மனைவி. அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். இவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உள்ளே நிற்பது யார் என்று அக்காவும் அப்போதுதான் கண்டாள். முகம் சுண்டிப்போயிற்று. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

நர்ஸ் கூப்பிடவில்லை. வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வீட்டிலும் பேச வாய் வரவில்லை.

அக்கா இவளைக் கண்டு ஓடியதற்குக் காரணம் பல வருடம் பழையது. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அக்கா வீட்டில் யாருக்கும் தெரியாமல் கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். கூட்டிக்கொண்டு போனதே இவள்தான். ஒருநாள் எல்லோரும் சாப்பிடும்போது மாமியார், "மூணாவது எப்போ?" என்று மூத்த மருமகளைக் கேட்க, இவள் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் பூட்டுப் போட்டாச்சு அத்தை" என்று உளறிவிட்டாள். மாமியார் ஒரு வருடம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தன் உடம்பைப் பற்றி இவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு ஞாயிறு மதியம், துணி காயப்போட மாடிக்குப் போன நர்ஸ், பாதிப் படியில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. கிட்டே போனதும் வந்த வாடை, முற்றிய நோயாளிகளிடம் அவள் அறிந்திருந்த வாடை.

"எத்தனை நாளா இப்படி?"

"இப்ப நர்ஸா கேக்கறியா, ஓரகத்தியா கேக்கறியா?"

"யாரா வேணா வெச்சுக்குங்கக்கா. சொல்லுங்க."

"மாசாமாசம் வர்றது எப்பவோ நின்னுபோச்சு. இது ஆறு மாசமா ரத்தம் பட்டுக்கிட்டே இருக்கு. அவரு பக்கத்துல வந்தா இன்னும் அதிகம்."

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்தபோது, கர்ப்பப்பை வாயில் புற்று, ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கதிர் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். 'பார்க்கலாம்' என்றால் என்ன என்று நர்ஸுக்குப் புரிந்தது. தாழ்வாரத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு நான் வரிசையில நின்னதை நீ பார்த்தேதானே?"

"பார்த்தேன்க்கா."

"அப்ப ஏன்டி கூப்பிடல?"

"என்னைப் பார்த்துட்டுத்தான் போறீங்கன்னு தெரிஞ்சுது. அவமானமா இருந்தது."

அக்கா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கிழமை உனக்கு டூட்டி இல்லைன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். ஒரு தடவைதான்டி அவ்வளவு தைரியம் வந்தது."

கொஞ்சம் கழித்து, "யாரு கேட்டாலும் வயித்துல கட்டின்னு சொல்லு. அந்த இடத்தைச் சொன்னா நடத்தை கெட்டவள்னு பேசுவாங்க" என்றாள்.

"கல்யாணம் ஆன யாருக்கும் வரலாம்க்கா. எப்பவோ ஒட்டின கிருமி, சத்தமில்லாம உள்ளயே இருந்திருக்கும்."

"உனக்குத் தெரியும். பேசறவங்களுக்குத் தெரியுமா?"

எட்டு மாதம் இருந்தாள். தினமும் காலையில் டூட்டிக்குப் போகும் முன் நர்ஸ் மாடிக்குப் போய் உடம்பு துடைத்து, துணி மாற்றி, தலை வாரிவிடுவாள். "இழுக்காதே, இருக்கறதே நாலு முடி" என்பாள் அக்கா. ஒருநாள் வாரிக்கொண்டே நர்ஸ், "என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்றாள்.

"எதுக்கு? பூட்டுக்கா, கூப்பிடாததுக்கா?"

"ரெண்டுக்கும்."

"பூட்டை எப்பவோ மன்னிச்சாச்சு."

மற்றதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சீப்புக்கு வாகாகத் தலையை மட்டும் சாய்த்துக்கொடுத்தாள். அடுத்த வாரம், துடைத்துவிட வெந்நீர் எடுத்துக்கொண்டு போனபோது மூச்சு இல்லை.

காரியங்கள் முடிந்ததும் மாமியார் இவளைத் தனியே கூப்பிட்டார். "நீ நர்ஸு. மறைக்காம சொல்லு. வயித்துலதானா?"

"வயித்துலதான் அத்தை."

துக்கம் கேட்க வந்த கம்பெனிப் பெண்களும் அதையேதான் கேட்டார்கள். அதே பதிலைச் சொன்னாள். இவர்களில் எத்தனை பேர் இன்னும் சோதனை செய்துகொள்ளாமல் இருக்கிறார்களோ! உண்மையைச் சொன்னால் நாளைக்கே ஓடி வருவார்கள். ஆனால் அக்கா கேட்டுக்கொண்டதை மீறவும் மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளே கம்பெனிக்குப் போய் சூப்பர்வைசரம்மாவைப் பார்த்தாள். பரிசோதனை முகாம் ஒன்றை இங்கேயே, பெண்கள் ஓய்வறையில் வைக்கலாம் என்றாள். முன்பின் தெரியாத நர்ஸ் ஒருத்தியை வேறு இடத்திலிருந்து வரவழைக்கிறேன், யார் பெயரும் வெளியே போகாது என்றாள். ஏன் இவ்வளவு அக்கறை என்று அந்தம்மா கேட்டதற்கு, "வேலைதானே" என்றாள்.

முப்பத்தோரு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஆரம்ப மாற்றம் தெரிந்தது. சின்னச் சிகிச்சையிலேயே சரிசெய்துவிடலாம் என்று அந்த நர்ஸ் போனில் சொன்னாள். இவள் பெயர்களைக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா போனதிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.