கெட்டிமேளத்துக்கு விழுந்த கேசட்

"பாட்ட நிப்பாட்டுங்கண்ணாச்சி. இதப் போடுங்க."

செல்லக்கனி கேசட்டை நீட்டியபோது, பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போன ஆண்கள் ஈரத்தோடு தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளிஃபயர் மேசைக்குப் பின்னால் இருந்த மைக் செட்காரர் தங்கச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கேசட்டைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

"இது அந்தக் கேசட்டுல்லா?"

"அதேதான்."

இதைச் சனத்துக்கு முன்னால் போடச் சொல்லிக் கேட்கவே கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தவன், வீட்டு வாசலில் பெஞ்சின் மேல் மாலையோடு கிடந்தான். அவளுடைய அண்ணன் பால்பாண்டி. ராஜபாளையத்தில் சின்னதாக ஒரு மைக் செட் கடை வைத்திருந்தவன். மஞ்சக்காமாலை. பச்சிலை குடித்தால் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். போனது அவன்தான்.

மைக் செட்காரன் ஒருத்தன் செத்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு குழாய் ஸ்பீக்கரோடு வந்து கட்டுவது அவர்களுக்குள் ஒரு வழக்கம். வாடகை கிடையாது. காலையிலிருந்து அந்தத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு முதலாளி பெயர். எந்தக் கல்யாணத்துக்கும் அந்தத் தெரு இத்தனை குழாயைப் பார்த்ததில்லை. வாழ்க்கை நாலு நாள் என்று ஒரு சினிமாப் பாட்டு அத்தனையிலும் அழுதுகொண்டிருந்தது. பால்பாண்டிக்கு அந்தப் பாட்டைக் கண்டாலே ஆகாது. "அழுறவனுக்கு அழத் தெரியாதாக்கும், நாம வேற சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்பான். ஆனாலும் சாவு வீட்டில் அதையேதான் போடுவான். தொழில்.

கேசட் வந்த கதை வேறு. ஒரு மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து மெஷின் வந்தது. அதை மாட்ட ஒரு வெள்ளைக்காரனும் வந்தான். மெஷினுக்குப் பூஜை போட்ட அன்றைக்கு பால்பாண்டிதான் மைக் கட்டினான். வெள்ளைக்காரனின் டேப் ரிக்கார்டரில் ஏதோ ஓட, இவன் வேலையை விட்டுவிட்டு அதன் மேல் காதை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஊருக்குப் போகும்போது அவன் கேசட்டை இவன் கையில் திணித்துவிட்டுப் போனான்.

ரொம்ப நாள் பால்பாண்டி அதைப் பாட்டு என்றே நினைத்திருந்தான். அந்த வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் செல்லக்கனி. ஃபிசிக்ஸ். ஒருநாள் கடையில் உட்கார்ந்து அட்டையில் இருந்த பொடி எழுத்தை வாசித்தாள்.

"அண்ணே, இது பாட்டு இல்ல. படத்துக்குப் போட்ட மியூசிக். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு படம்."

"என்ன படம்?"

"நாம பாத்திருக்க மாட்டோம். ராஜபாளையத்துக்கு வந்துட்டுத்தான் மறுவேலை பாக்கும்."

"அப்பம் நாமளே எடுத்துருவோம்," என்றான் பால்பாண்டி.

அதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் நேராகக் கடைக்குத்தான் வருவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சின்ன பாக்ஸில் போட்டுக் கேட்பார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவன் ஒரே அடியைப் பிடித்தால் பிடித்தபடி போவான். மில்லில் நூல் சுற்றும் ராட்டு ஓடுவதுபோல. ஆனால் ராட்டுக்குக் கோபம் கிடையாது, இவனுக்கு உண்டு. அதன் மேல் கிட்டார் ஒன்று சுவரைச் சுரண்டும். பாடுகிறவன் பாடுகிறானா, தூக்கத்தில் முனகுகிறானா என்று பிடிபடாது. நம் சினிமாவில் மியூசிக் முன்னால் ஓடிப்போய், இங்கே அழு, இங்கே பயப்படு என்று கையைக் காட்டும். இவர்கள் எதையும் காட்டவில்லை. மரியாதையாக விட்டுவிட்டார்கள். காலேஜில் அவளை அப்படி மரியாதையாக நடத்திய வாத்தியார் ஒருவர்கூட இல்லை.

இரண்டாம் பக்கத்து முதல் துண்டுக்குப் பால்பாண்டி வைத்த பெயர் 'போறவ படம்'.

"ஒருத்தி நடந்து போறா. அவ்வளவுதான் படம்."

"எங்க போறா?"

"அதக் காட்ட மாட்டாக."

"வில்லன் கெடையாதா?"

"உண்டும். பொறத்தால கத்திக்கிட்டே வருதான். அவளுக்குக் கேக்கல. ட்ரம்ஸ் சத்தம்லா."

"நல்லா எடுத்திய படம். ஒரு நாள்கூட ஓடாது."

"நாம ரெண்டு பேரு பாத்தாப் போதும்ட்டி."

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம். பெரியப்பா சங்கரலிங்கம் முன்னின்று முடித்த சம்பந்தம். மேளக்காரர் வைக்க வசதியில்லாத கல்யாணங்களில் கெட்டிமேளமும் கேசட்டில்தான். ஒரு டெக்கில் சினிமாப் பாட்டு ஓடும், இன்னொன்றில் கெட்டிமேளம் தயாராக நிற்கும், ஐயர் கையைத் தூக்கியதும் தட்ட வேண்டும். முந்தின ராத்திரி மண்டபத்தில் தனியாகப் படுத்திருந்தவன் அந்த இரண்டாவது டெக்கில் ஜெர்மன்காரனைப் போட்டுக் கேட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டான். ஐயர் கையைத் தூக்கினார். இவன் தட்டினான். தாலி ஏறும்போது மண்டபம் முழுக்க அந்த ட்ரம்ஸ்.

"சாவு மேளம்லா போடுதான்," என்று முதலில் எழுந்து கத்தியவர் பெரியப்பாதான். அந்தச் சொல் ஊரெல்லாம் போயிற்று. அதற்கப்புறம் கல்யாண வீட்டுக்காரர்கள் பால்பாண்டியைத் தேடி வரவில்லை. கேசட்டை அவன் தூக்கிப் போடவில்லை. ஆனால், "இனிமே சனத்துக்கு முன்னால இதப் போடுன்னு எங்கிட்டக் கேக்காத" என்று தங்கச்சியிடம் சொன்னான். அவளும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டாள்.

நீர்மாலைக் குடத்தை இறக்கிவிட்டு பெரியப்பா மேசைப் பக்கம் வந்தார். "என்னட்டி தகராறு?"

தங்கச்சாமி கேசட்டைக் கண்ணால் காட்டினார்.

"உனக்குக் கிறுக்கா? செத்த வீட்டுல இங்கிலீஸ் டான்ஸா? நாலெழுத்துப் படிச்சா எல்லாம் செய்யலாம்னு நெனப்பு."

"இங்கிலீஸ் இல்ல, ஜெர்மன்," என்றாள் செல்லக்கனி. "அன்னைக்கு மண்டபத்துல அம்புட்டு பேரு முன்னால இது சாவு மேளம்னு சொன்னது நீங்கதான பெரியப்பா? இன்னைக்குச் சாவுதான. போடட்டும்."

குழாய் கட்ட வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். பெரியப்பா வாசலைப் பார்த்தார். அங்கே மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அழகுத்தாய் காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை.

"தங்கச்சாமி," என்றாள் அம்மா. "சத்தத்தக் கொறச்சு, பெட்டியில அந்தக் கடைசித் திருக மட்டும் கூட்டி வைய்யி. அவன் அப்பிடித்தான் கேப்பான்."

அம்மா அந்தக் கடைப் பக்கம் வந்ததே சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கத்தான். எப்போது நின்று கவனித்தாள் என்று செல்லக்கனிக்குத் தெரியவில்லை.

நாலு நாள் பாட்டு பாதியில் நின்றது. எல்லாக் கம்பத்திலிருந்தும் அந்த ட்ரம்ஸ் இறங்கியது. பாதி ஷட்டருக்குள் சின்னப் பெட்டியில் கேட்டது, இப்போது தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. ஒப்பாரி வைத்த பெண்கள் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். கொட்டுக்காரர் கண்ணுச்சாமி தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர், நெருப்பை விட்டு எழுந்து வந்தார்.

"யாரும்மா அடிக்கிறது?"

"ஜெர்மன்காரன்."

"மாத்தவே மாட்டானா?"

"கால் மணி நேரம் இப்பிடியே போவான்."

"கை கடுக்காதா?" கண்ணுச்சாமி கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டார். தன் ஆட்களிடம் திரும்பினார். "ஏலே, செத்த சும்மா இருங்க. அவன் முடிக்கட்டும்."

அவன் முடித்த பிறகு இவர்கள் அடித்தார்கள். பாடை எழுந்தது. ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் பேட்டரியும் டெக்கும் ஏற, பால்பாண்டியின் சொந்தக் குழாயைத் தங்கச்சாமி அதன் முதுகில் கட்டினார். தெருமுனை வரை ஜெர்மன்காரர்கள் போனார்கள். அங்கே கேசட் முடிந்து டக்கென்று நின்றது. பெண்கள் நின்றுவிடும் இடமும் அதுதான். அங்கிருந்து திரும்பிப் போய்த் தலை முழுக வேண்டும்.

"ஏத்தா, எந்தப் பக்கம்?" என்று தங்கச்சாமி கூப்பிட்டார்.

அவள் போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். ரிக்‌ஷா நகர்ந்தது.

"வச்சாச்சுல்லா. அங்கனயே நில்லு," என்றார் பெரியப்பா. "பொம்பளைக்கு அங்க என்ன சோலி?"

செல்லக்கனி ரிக்‌ஷாவுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி," என்றாள் அம்மா பின்னாலிருந்து.

அவள் நின்றாள்.

"தாவணிய இழுத்துச் செருகிட்டுப் போ. சக்கரத்துல மாட்டிரும்."

இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். இரண்டாம் பக்கத்து முதல் துண்டு, 'போறவ படம்', ஆரம்பித்திருந்தது. பெரியப்பா பின்னாலிருந்து ஏதோ கத்திக்கொண்டே வந்தார். ரிக்‌ஷாவில் குழாய் அவளைப் பார்த்துக் கட்டியிருந்தது.