இரண்டாவது கோடு

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. அன்று மழை பெய்ததாக நினைவு. அது நான் வேலை பார்த்த அச்சகத்தின் இயந்திரச் சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு கோடுகளைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்று கர்ப்பச் சோதனை அட்டையில் தெரிந்தது. மற்றது மருத்துவமனைப் படிவத்தில் இருந்தது.

அட்டையை அச்சகக்காரர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கோடு மங்கல்தான். ஆனாலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சிவப்பு மை, இந்தத் தடவை பொண்ணுதான், பாத்துக்க."

அச்சகத்தில் பிழை திருத்துபவள் அவர் மனைவிதான். சிவப்புப் பேனா எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். அதனால் அவர் வைத்த பெயர்தான் 'சிவப்பு மை'. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு வேணாங்க."

அவர் கத்துகிற ஆள் இல்லை, வாயை மூடிக்கொள்கிற ஆள். மூன்று நாள் அந்த வீட்டில் இரண்டு பையன்களின் சத்தம் மட்டுமே கேட்டது. நான்காம் நாள், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"நான் பாத்துக்க மாட்டேனா?"

"என்னத்தப் பாத்துப்பீங்க? போன தடவை ரத்தம் நிக்காம கெடந்தது நானு. நீங்க வராண்டாவுல நடந்துக்கிட்டு இருந்தீங்க."

"நடந்தேனா? ஓடினேன்டி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொன்னாள்: "ஓடினீங்க. ஆனா வெளியிலதான ஓடினீங்க."

 மறுநாள் அவளோடு மருத்துவமனைக்குப் போனார். மனம் மட்டும் கூட வரவில்லை.

டாக்டர் அவளிடம் தனியாகப் பேசி முடித்ததும், நர்ஸ் கருக்கலைப்புக்கான சம்மதப் படிவத்தை நீட்டினாள். பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள் மனைவி; பேனா மறுபடி கொண்டைக்குப் போனது.

"கீழ சார் போடணும்," என்றாள் நர்ஸ்.

அவர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். 'கணவர் கையெழுத்து' என்று இருந்தது, எதிரே ஒரு கோடு. போடாமல் விட்டால் எல்லாம் நின்றுவிடும். வாதாட வேண்டாம், கெஞ்ச வேண்டாம், பேனாவை மூடினால் போதும். அந்த நினைப்பு ஒரு கணம் அவருக்கு இனித்தது. அது இனித்ததே அவரைச் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் தாளின் அடியில் பொடி எழுத்தில் தன் அச்சகத்தின் பெயரைப் பார்த்தார்.

ஒன்பது வருஷம் பின்னால் போனது மனம். மூத்தவன் பிறந்த வாரம் அது. பிழை பார்க்க அவள் இல்லை. இந்தப் படிவத்துக்காக மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாளில் ஒரே ஒரு கையெழுத்துதான் கேட்டிருந்தார்கள். அவசரத்தில், கணினியில் ஏற்கெனவே இருந்த பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைத் திறந்து அதன்மேலேயே வேலை செய்தார். 'தாய் கையெழுத்து' என்பதை மாற்றிப் பெண்ணின் கையெழுத்து என்று வைத்தார். 'தந்தை' இருந்த இடத்தில் 'கணவர்' என்று தட்டினார். அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சிஸ்டர், இது கட்டாயமா?"

"யாரு கண்டா? கோடு இருக்கு, கேக்கறோம்."

"போடலைன்னா?"

"திருப்பி அனுப்பிடுவோம். போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. புருஷன் கப்பல் வேலைக்குப் போயிட்டாராம். மூணு தடவை வந்துச்சு. அப்புறம் வரல."

 பிறகு மனைவியிடம், தப்புச் செய்த பிள்ளை போல, எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அவரையே பார்த்தாள். "ஸ்கூல்ல சேக்கற புள்ளைக்குத்தாங்க பெரியவங்க கையெழுத்து வேணும். நாங்க என்ன, புள்ளைங்களா?"

அவர் அவள் கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார். அந்த வரியின் மேல் கோடிழுத்து, ஓரத்தில் வால் வைத்த ஒரு சுழி போட்டார். நீக்கு என்று அர்த்தம். அவள் தினம் நூறு தடவை போடுகிற குறிதான்.

நர்ஸ் பதறி டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "சட்டம் கேக்கறது இவங்க கையெழுத்து ஒண்ணுதான். இத்தனை வருஷமா நாங்களும் படிச்சுப் பாக்காம நீட்டியிருக்கோமே," என்றார்.

"ஆசைப்படறதுக்கு எனக்கு உரிமை இருக்கு டாக்டர்," என்றார் அச்சகக்காரர்.  "அவ உடம்பைப் பத்தி முடிவு பண்றது அவதான். அந்த எடத்துல எனக்குக் கோடு போட்டுக்கிட்டது தப்பு."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆசை தப்புன்னு நான் சொல்லவே இல்லையேங்க."

இந்த முறை அவர் வராண்டாவில் ஓடவில்லை. எல்லாம் முடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு அவள் அச்சகத்துக்குத் திரும்பினாள். அவள் முதலில் பிழை பார்த்தது ஒரே கோடு உள்ள புதிய படிவத்தை. பழைய கட்டுகள் வீட்டுக்கு வந்தன. பையன்கள் அவற்றின் பின்பக்கத்தில் படம் வரைந்து தீர்த்தார்கள். நர்ஸ் இப்போதெல்லாம், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பது துணைக்காக மட்டும்தான். அச்சகக்காரர் எப்போதாவது துணிக்கடை வாசலில் சின்னச் சட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டு வருவார். அவளும் எதுவும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

கப்பல்காரரின் மனைவி என்ன ஆனாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.