உப்புக் கிடங்கின் சாக்பீஸ் பெயர்கள்

அலாஸ்காவில் உள்ள எங்கள் செயின்ட் ஜார்ஜ் தீவின் உப்புக் கிடங்கைக் காப்பதா இடிப்பதா என்று முடிவு செய்யும் குழு புதன்கிழமை விமானத்தில் வருவதாக இருந்தது. சீல் எனும் கடல்நாய்களின் வேட்டை நின்ற பிறகு அந்தக் கிடங்கு பூட்டியே கிடந்தது. உள்ளே, தோல்களை உப்பிட்டு அடுக்கிய ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே, பலகைச் சுவரில், அங்கே வேலை செய்தவரின் பெயர் சாக்பீஸில் இருந்தது. இருபத்திரண்டு பெயர்கள். கூரை ஒழுகும் அந்தக் கட்டடத்துக்கு வேறு சிபாரிசு எதுவும் என்னிடம் இல்லை.

"புதன்கிழமை கிடங்கில் இன்ஸ்பெக்ஷன்" என்று கடை வாசலில் எழுதி ஒட்டியது நான்தான்.

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய வரைபடத்துக்காக, செவ்வாய் மதியம் அளவெடுக்கப் போனபோது உள்ளே சோப்பு வாசனை. பிளாட்டொனிடா அத்தை மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஈரமாக, வெறுமையாக இருந்தது.

"அத்தை, சுவரையுமா கழுவினீங்க?"

"பின்னே? இன்ஸ்பெக்ஷன்னு போட்டிருக்கே! அந்தக் காலத்துல சர்க்கார் அதிகாரி வீடு வீடா வந்து கட்டிலுக்கு அடியில விரலை வச்சுப் பார்ப்பான். நம்ம சனம் அழுக்குன்னு இனி ஒருத்தன் எழுதக் கூடாதும்மா."

அளவுகளை முடித்துவிட்டுச் சுவரைப் புகைப்படம் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். எனவே பெயர்களின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெயர்களைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அத்தை மெல்ல எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சோப்புத் தெறிக்குதுன்னு கழட்டி வச்சேன், எழுத்து எதுவும் தெரியல. மமந்த் பேரையும் நானே துடைச்சிட்டேனா?" மமந்த், இறந்துபோன அவருடைய கணவர்.

விட்டத்தருகே ஒரே பெயர் தப்பியிருந்தது. "இன்னொகெந்தி! அந்த ஒட்டடைக் கம்பு அவ்வளவு உசரத்துல எழுதியிருக்கான்! எனக்கு எட்டல," என்று சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். "சாக்பீஸ் குடு. எழுதிடலாம். யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியுமே, அத்தை."

அத்தை முதல் தொட்டியருகே போய் நின்றார். பிறகு, "சரி, டேப்பை எடு. இருபது வருசம் டீ கொண்டுவந்தவ நான். யாரு எங்க நின்னான்னு எனக்குத் தெரியாதா? இது தெரெந்தி. பாடிக்கிட்டே போடுவான், பாதி உப்பு தரையில."

ஏழாவது தொட்டிக்கு மேலே சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். தரையிலிருந்து நான்கு அடி ஏழு அங்குலம். வரைபடத்தில் குறித்தேன்: "மமந்தின் பெயர் இருந்த இடம். கழுவியதற்குக் காரணம், என் அறிவிப்பு."

அத்தை எட்டிப் பார்த்தார். "கழுவினது நானாச்சே. என் பேரையும் போடு."

புதன்கிழமை குழுவினர் இருபத்திரண்டு பெயர்களும் குறித்த அந்த வரைபடத்தை இரண்டு முறை படித்தார்கள். பெயர்களைச் சொன்னவர் யார் என்று கேட்டார்கள்.

"நான்தான்," என்றார் அத்தை. "உள்ள வாங்க, ஒவ்வொருத்தரா காட்டுறேன். காலைத் துடைச்சிட்டு வாங்க."