விடுமுறை வாரத்தில் நடந்த தேர்வு

ஏப்ரல் 9, புதன்.
இன்று தெரிந்த சிறு தவறு: பள்ளிக்கு வசந்த விடுமுறை என்றால் கல்லூரிக்கும் விடுமுறை என்று குறித்திருந்தேன். இல்லை. போன புதன் மாலை உடற்கூறியல் செய்முறைத் தேர்வு நடந்து முடிந்திருக்கிறது. டீச்சரிடம் மறுதேர்வு கேட்க வேண்டும்.

எழுதி முடித்ததும் மார்லி ராட்லிஃப் 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதையே மேலே திரும்ப எழுதினாள். கல்லூரிக்குப் போகும் பள்ளி வேன் ஆற்றோர வளைவுகளில் குலுங்கிக்கொண்டு போனது. பகலில் பள்ளிக்கூடம், புதன் மாலை கல்லூரி. ஒரே பாடம் இரண்டு இடத்திலும் கணக்கில் சேரும். பள்ளியை முடிக்கும்போதே நர்ஸிங் படிப்புக்குப் பாதி வழி தாண்டியிருக்கலாம் என்றுதான் சேர்ந்தாள்.

பக்கத்தில் பிராண்டி ஹென்ஸ்லி சிப்ஸ் கொறித்துக்கொண்டிருந்தாள். தேர்வு நடந்த செய்தியே அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"போன வாரம் வேனே வரலையே, நீ மட்டும் எப்படிடி போன?" மார்லி கேட்டாள்.

"எங்கண்ணன் டிரக்ல. காலேஜுக்குத்தான் மார்ச்லயே லீவு விட்டு முடிஞ்சுதே."

"ஸ்கூல் லீவு, ஆத்துல வெள்ளம் வேற. காலேஜும் நின்னிருக்கும்னு நெனச்சேன்."

"ஆமா, இந்த ஊர்ல எது நின்னாலும் வெள்ளம்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்டயா? நாலு கலர் பேனால கோடு போட்டு வெக்கிறவ நீ. உனக்குத் தெரியாம இருக்கும்னு எந்த மடச்சி நெனப்பா?"

மார்லி நோட்டைப் புரட்டினாள். நாலு நிறத்திலும் அழகாகத்தான் குறித்திருந்தாள், பள்ளி நாட்காட்டியைப் பார்த்து. பள்ளிக்கூடத்தில் ஒரு தேர்வு போனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு எழுதவைப்பார்கள். மார்க் குறைந்தாலும் இன்னொரு முறை உண்டு. இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கல்லூரியில் உடற்கூறியல் டீச்சர் திருமதி ஆஸ்போர்ன், பாடத்துக்கான எலும்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"பாடத்திட்டத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு, மிஸ் ராட்லிஃப். செய்முறைத் தேர்வுக்கு மறுதேர்வு கிடையாது."

"வேன் வரல மேடம்."

"வேன் உங்க ஸ்கூலோடது. நீங்க காலேஜ் ஸ்டூடண்ட்."

குரலில் கோபமே இல்லை. பள்ளியில் எந்த ஆசிரியரும் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. மரியாதை இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

எழுதாத தேர்வுக்கு விழும் பூஜ்யத்தோடு, இறுதித் தேர்வில் முழு மார்க் எடுத்தாலும் டி கிரேடுதான். நர்ஸிங் படிப்புக்கு, டி வாங்கியவர்களின் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

மறுநாள் மாலை அம்மா கானி, தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல் காரை ஓட்டிக்கொண்டு மார்லியோடு கல்லூரிக்கு வந்தாள். திருமதி ஆஸ்போர்ன் அறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மன்னிக்கணும்மா. மிஸ் ராட்லிஃப் மார்க்கைப் பத்தி உங்ககிட்ட பேச எனக்கு அனுமதி இல்ல. சட்டம் அப்படி."

"அவளுக்குப் பதினேழு வயசுங்க! பல்லு புடுங்கப் போனாக்கூட நான்தான் கூட நிக்கணும்."

"இங்க சேர்ந்த அன்னிலேருந்து இது அவங்க விஷயம். ஆபீஸ்ல அவங்க எழுதிக் குடுத்தா பேசலாம். ஆபீஸ் இப்ப மூடியாச்சு."

கானி வராந்தாவில் கோக் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மார்லி மட்டும் உள்ளே போனாள்.

விஷயம் சுருக்கமாகத்தான் இருந்தது. நாளைக்குள் இந்தப் பாடத்திலிருந்து விலகினால் 'விலகினார்' என்று மட்டும் பதிவாகும். விலகாவிட்டால் டி. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அது பின்னாலேயே வரும். ஆனால் பள்ளி ஆலோசகர் காலையிலேயே சொல்லிவிட்டார்: விலகினால் பள்ளியிலும் அறிவியல் பாடம் குறையும். மே மாதம் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மேடை ஏற முடியாது. கோடையில் படித்து ஆகஸ்டில் பள்ளி முடித்ததற்கான டிப்ளமாவைத் தபாலில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்லி விலகல் படிவத்தை வாங்கிக்கொண்டாள். கீழே மூன்று கையெழுத்துகளுக்கு இடம் இருந்தது: மாணவி, பள்ளி ஆலோசகர், பெற்றோர்.

காரில் கானி அதை இரண்டு முறை படித்தாள்.

"மார்க் என்னன்னு கேக்க நான் யாரோ. கையெழுத்துப் போட மட்டும் பெத்தவளா?"

"வேண்டாம்னா போடாதம்மா."

"மே மாசம் உங்க மாமா ஒஹாயோலேருந்து கெளம்பி வர்றாரு. சர்ச்சுல ஒருத்தர் விடாம சொல்லி வெச்சிருக்கேன். நம்ம குடும்பத்துல ஒருத்தராவது அந்த மேடை ஏறியிருக்கோமாடி?"

"டி விழுந்துட்டா நர்ஸிங்க மறந்துட வேண்டியதுதான். விலகிட்டா அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம்."

"எழுதுவியா? இல்ல, அதையும் தப்பாக் குறிச்சு வெப்பியா?"

"தெரியலம்மா."

தப்பாகக் குறிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொய்யாகிவிடுமோ என்று பயந்தாள்.

கானி படிவத்தை ஸ்டீயரிங் மேல் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ஹார்ன் நீளமாக அலறியது. வேறு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். கானி காரைக் கிளப்பினாள்.

ஏப்ரல் 10, வியாழன்.
அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். மாமாவிடம் அவளே சொல்வதாகச் சொன்னாள், இன்னும் சொல்லவில்லை.
நாளை: முதல் மணி அடிக்கும் முன் ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு வேன் கிடையாது, யாரிடமாவது வண்டி கேட்க வேண்டும். அலுவலகம் மூடுவதற்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.