மண்டல அலுவலகத்து நந்தி

பொன்னம்மா இறந்த மறுவாரம், மைசூரில் எங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் மாடிப்படி சாமுண்டி மலை உயரத்துக்கு நீண்டது. லிஃப்ட் அதற்கு முந்தைய வருடமே பழுதாகியிருந்தது.

பொன்னம்மா கௌதள்ளி கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகி, கணவனோடு மைசூருக்குக் கான்கிரீட் வேலைக்கு வந்தவள். ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டிக்கொடுத்த அவர்களின் ஏரிக்கரைத் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ஏரி ஈரத்தில் குழி வெட்டினால் நீர் ஊறும், பாதாளச் சாக்கடை இல்லாமல் கட்டவும் முடியாது. பெண்கள் விடியுமுன் எழுந்து, கூட்டமாக ஏரிப் புதருக்குப் போய், வெளிச்சம் வருமுன் திரும்பிவிட வேண்டும். பிறகு இருட்டும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். பொன்னம்மாவின் பக்தி கொஞ்சம் முரட்டு பக்தி. தெருவுக்குச் சாக்கடை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மலைப்படி ஒன்று விடாமல் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து ஏறினாள். பிள்ளை வரத்துக்கும் மகள் கல்யாணத்துக்கும் மைசூர்ப் பெண்கள் செய்கிற வேண்டுதல் அது. சாக்கடைக்காகச் செய்தவள் இவள் ஒருத்திதான். சில வருடங்கள் போயும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மன் எப்போதோ சரியென்று சொல்லியிருப்பாள், கையெழுத்துப் போடுகிறவர்தான் வேறு மாடியில் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த வெள்ளியிலிருந்து மண்டல அலுவலகப் படிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கத் தொடங்கினாள்.

பியூன் மல்லப்பன் திட்டினார், துடைத்தார், ஒரு வருடம் கழித்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது பொன்னம்மா தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், இன்னொரு முறையும் ஜெயித்தாள். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, அங்கன்வாடி எல்லாம் வந்தன. கொரோனா சமயத்தில் வீடு வீடாகச் சோறு கொண்டுபோனாள். மாநகராட்சி உறுப்பினர் ஆன பிறகும் வெள்ளிக்கிழமை செருப்பைக் கீழே விட்டுக் குனிந்துதான் படியேறினாள். கடைசியில் சாக்கடைக்கு அனுமதி கிடைத்து, தெருவில் குழி தோண்டி, குழாய்களும் வந்து இறங்கின. அந்த வாரம் மாரடைப்பில் போய்விட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை.

இஞ்சினியர் பசவராஜ் கெட்டவரில்லை, மேலிடத்துக்குப் பயந்தவர். அந்தக் குழாய்களைப் புது வீட்டுமனை லேஅவுட் ஒன்றுக்குத் திருப்பிவிடும் ஃபைலை, மேலதிகாரியின் கையெழுத்துக்காகத் தூக்கிக்கொண்டு காலையில் மாடி ஏறினார். படி முடியவில்லை. மதியம், வியர்த்து ஊற்ற ஒரு திருப்பத்தில் திரும்பியபோது, மலையில் பாதி வழியில் உட்கார்ந்திருக்கும் அதே பெரிய கறுத்த நந்தி அங்கே உட்கார்ந்திருந்தது. இன்னும் பாதி இருக்கிறது என்று தெரிந்து, கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். மறுநாளும் அப்படியே. வரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் வந்தவர்கள் அதே படியில் சாதாரணமாக ஏறி இறங்கினார்கள். சிலர் அவரைத் தாண்டும்போது நமஸ்காரம் சொன்னார்கள்.

மூன்றாம் நாள், அம்மாவின் இறப்புச் சான்றிதழுக்கு வந்த மகள் ரூபாவை அவர் கீழ்ப்படியில் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது அம்மாகிட்ட ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை, சொல்லம்மா. முட்டி போச்சு."

"எங்கம்மா உசுரோட இருக்கறப்பவே எம் பேச்சக் கேட்டதில்லீங்க சார்," என்றாள் ரூபா. "அந்த ஃபைல இங்கயே வெச்சுட்டு ஏறிப் பாருங்க."

"மேல இருக்கறவரு என்னைய சும்மா விடுவாரா?"

"அவர ஒருக்கா எறங்கி வரச் சொல்லுங்க. அவரும் ஏறிப் பாக்கட்டும்."

பசவராஜ் ஃபைலை மல்லப்பனிடம் கொடுத்துவிட்டு ஏறினார். இரண்டு திருப்பத்தில் மேலதிகாரியின் அறை வந்துவிட்டது. குழாய் ஏரிக்கரைத் தெருவுக்குத்தான், என்னால் மாற்ற முடியாது என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லாத ஒரு வாக்கியத்தைச் சொன்னார். கோபத்தில் ஃபைலை எடுக்கத் தானே இறங்கிவந்த மேலதிகாரிக்கு, திரும்பி ஏறும்போது நந்தி தரிசனம் கிடைத்தது. மழைக்காலத்துக்கு முன்பே சாக்கடை வேலை முடிந்தது.

இப்போதும் எப்போதாவது அந்தப் படி நீள்கிறது. யாரும் புகார் எழுதுவதில்லை. நந்தி இருக்கும் திருப்பத்தில் மல்லப்பன் ஒரு குடம் தண்ணீர் வைத்திருக்கிறார். மாற்றலாகி வருகிறவர்களிடம், கையில் இருப்பது என்ன ஃபைல் என்று பார்த்துக்கொண்டு ஏறச் சொல்கிறார். ஏரிக்கரைத் தெருவில் பெண்கள் விடிந்த பிறகுதான் எழுகிறார்கள்.