வானத்துக்கு எடுத்த எக்ஸ்ரே

கிட்ட வந்து இருங்கள் செல்லங்களே, இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆஸ்பத்திரியில் எலும்பைக் காட்டுகிற எக்ஸ்ரே இருக்கிறதே, அந்தக் கதிர் வானத்திலிருந்தும் வருகிறது. அதைத் தேடிப் பிடித்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

வன்னியில் முரசுமோட்டைக் கஜனிதான் அவள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வானத்து எக்ஸ்ரேயைக் காற்று கீழே விடாது. அதனால் தொலைநோக்கியையே விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஒன்றுமில்லை என்று தோன்றுகிற ஒரு துண்டு வானத்தை நாட்கணக்காகப் பார்த்தபடி இருக்கும். எங்கோ ஒரு கருந்துளை தீனி தின்னும்போது கிளம்புகிற கதிர் ஒன்றிரண்டாக வந்து விழும். விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. எவர் கண்ணிலும் படாத அப்படியொரு புள்ளியைக் கஜனி கண்டிருந்தாள். அவளுடைய ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

அன்று காலை லதீபா அழைத்தாள். முல்லைத்தீவுக்காரி, அதே குழுவில் புள்ளிகளைச் சரிபார்ப்பவள்.

"கஜனி, கோவிக்காதே. உன்ர புள்ளியைப் பட்டியலில இருந்து வெட்டச் சொல்லீனம். கமராவில பழுதாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான். பின்னேரம் முழுப் பட்டியலையும் அனுப்போணும்."

"பின்னேரம்தானே? அதுவரைக்கும் கை வைக்காதே. அது வானத்திலதான் கிடக்கு."

"உன்ர திமிர் எனக்கிருந்தா நான் எப்பவோ பேராசிரியர்!" என்று சிரித்துவிட்டு லதீபா போனை வைத்தாள்.

கஜனி வீட்டுக் கணினியில் படத்தைத் திறந்து வைத்திருந்தபோது வயலிலிருந்து வந்த தாய் ராக்காயி கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதில் மலையகத்திலிருந்து இறங்கி வந்தவள். அந்தப் பேச்சு இன்னும் வாயில் இருக்கிறது.

"யாருக்குடி இம்புட்டு பீஸு?"

வன்னியில் எக்ஸ்ரே படம் பார்க்க எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறுப்பில் வெள்ளையாக ஏதும் கிடந்தால் அது செல் துண்டு, போரில் வெடித்த எறிகணையிலிருந்து உடம்புக்குள் ஏறியது. பீஸ் என்பார்கள். ராக்காயியின் தோளிலேயே ஒன்று இருக்கிறது.

"ஒருத்தருக்குமில்லையம்மா. இது வானம்."

"வானத்துக்கும் செல் அடிச்சிட்டானுங்களா?"

கஜனி சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. கிட்டப் போய் அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள். "இது உள்ளுக்குத்தானா? எனக்கு மொதல்ல படம் புடிச்சப்ப சட்டையில குத்துன ஊசியும் படத்துல விழுந்துருச்சுல்ல?"

"ஓமம்மா, உங்களைத் திருப்பி நிப்பாட்டி இன்னொண்டு எடுத்தவையெல்லோ? நானும் அதைத்தான் தேடுறன். அரை வருசம் கழிச்சு இந்தத் தொலைநோக்கி திரும்பி நிண்டு இதே இடத்தை எடுத்திருக்கு. கமராப் பழுதெண்டா கமராவோடயே திரும்பும். வானத்தில இருக்கிறது இருந்த இடத்திலயே இருக்கும்."

இரண்டாவது படம் வந்தது. அந்த இடத்தில் மங்கலான இரைச்சல்தான், புள்ளி இல்லை.

"காணோமே, புள்ள" என்றாள் ராக்காயி, மெதுவாக.

"பொறுங்கோ. தூசுக்குள்ள ஒளிச்சிருக்கிறவர் லேசில முகம் காட்டமாட்டார்."

கருந்துளையைத் தூசு மூடியிருந்தால் மெல்லிய கதிர்கள் உள்ளேயே அடங்கிவிடும். வலியவை மட்டுமே தப்பி வரும். கஜனி மெல்லியவற்றை விலக்கினாள். படத்தின் இரைச்சல் அடங்கியது. அதே இடத்தில், ஒரு மயிரிழை விலகாமல், புள்ளி தெரிந்தது. பழுதென்று சொன்ன கமராவின் மூலையோ இப்போது வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, அங்கே ஒன்றுமில்லை.

படம் போய்ச் சேர்ந்ததும் லதீபாவே அழைத்தாள்.

"கிடக்குதடி! அசையாமக் கிடக்குது. வெட்டச் சொன்னவைக்கு இதை நானே காட்டுறன். உன்ர பேரோடயே போகுது."

"சரி. மற்றத் துண்டு வானத்தையும் அனுப்பு. அதிலயும் ஆரும் ஒளிச்சிருப்பினம்."

ராக்காயி ஒரு கதிரையை இழுத்து மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

செல்லங்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தாங்கள் கண்டதைக் கண்டதென்று நின்று சொல்லட்டும். வயலும் குளமும் நிறைந்து, உங்கள் குசினியில் அடுப்பு அணையாமல், குடும்பமெல்லாம் நோய் நொடியின்றி நீடூழி வாழட்டும்.