பூட்டிய மதுக்கடை வாசலில்

பூட்டிக் கிடந்த அரசு மதுக்கடைக்கு முன்னால், கோரிக்கை அட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடை ஊழியர் கொலெட் முன்னும் பின்னும் நடந்தாள். ஜூலை வெயிலில் தார் இளகியிருந்தது. வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று ஊர்க்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். யாரோ டோனட் கூடக் கொண்டுவந்தார்கள். இப்போது ஹாரன் வேறு மாதிரி ஒலித்தது.

"பாட்டிலைப் பையில போடறதுக்கு இன்னும் எவ்ளோ கேப்பீங்க?" வண்டியை நிறுத்தாமலே ஒருவன் கத்தினான்.

"எட்டு வருஷமா தற்காலிகமாவே வெச்சிருக்காங்க. காய்ச்சல்னு படுத்தா அன்னிக்குச் சம்பளம் இல்ல!" கொலெட் திருப்பிக் கத்தினாள்.

"போயிட்டான்டி. காத்தோட பேசாத," என்றாள் கூட நடந்த சக ஊழியர் வாண்டா.

அப்போதுதான் ஆர்வோ வந்தார். மர ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். தினமும் கடை திறந்ததும் முதல் ஆளாக வோட்கா வாங்குவார். ஊரில் வேறு கடை இல்லை. அவரிடம் காரும் இல்லை. கைகள் உதறின. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"பின்பக்கமா ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடும்மா."

"சாவி மேனேஜர்கிட்ட இருக்கு ஆர்வோ. திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க தண்ணிதான் குடுப்பாங்க. அதுவும் நிஜத் தண்ணி." சிரிக்கப் பார்த்தார்.

அவள் காரை எடுக்கத் திரும்பியபோது அவர் விழுந்தார். வலிப்பு. ஓடிவந்து முழங்கால் சிராய மண்டியிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். வாண்டா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இரண்டு கார்கள் நின்றன. கண்ணாடிகள் இறங்கின, யாரும் இறங்கவில்லை.

மாலையில் ஆர்வோ இறந்துபோனார்.

மறுநாள் உள்ளூர் வானொலி, வேலைநிறுத்தம் நியாயமா என்று ஊரைக் கேட்டது. "ஒரு அப்பாவிப் பெரியவரைக் கொன்னுட்டாங்களே!" என்றது ஒரு குரல். "நம்ம ஊரே அவரை அப்படித் தாங்கிச்சு," என்றது இன்னொன்று.

"கொஞ்சம் முன்னாடியே வண்டியை எடுத்திருக்கணும்," என்றாள் கொலெட் வாண்டாவிடம்.

கடைவாசலில் பூங்கொத்துகள் சேர்ந்தன. ரொட்டிக்கடைக்காரி டோரீனும் ஒன்று கொண்டுவந்தாள். நாற்றம் தாங்கவில்லை என்று பனிக்காலத்தில் ஆர்வோவைத் தன் கடைக்குள் விடாதவள். கதவோரம் பூவைச் சாய்த்துவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை உயர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? படத்துல விழறீங்க."

கொலெட் அட்டையை இறக்கிக்கொண்டு, சிராய்த்த முழங்காலோடு சாலையோரச் சரளைக்கு இறங்கி நின்றாள்.